கூடாரமும் தறப்பாளும்

சென்ற இதழின் ஆங்கிலப் பக்கத்தில் எனது மகன் எழுதிய சிறு குறிப்பொன்று வெளியாகியிருந்தது. கோடை விடுமுறையில் குடும்பத்துடன் கூடாரமடித்துத் தங்கியதையும், செடார் மலையில் ஏறியதையும், பாத் நகரத்து வெந்நீரூற்றைப் பார்த்ததையும் பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுதக்கூடிய விதத்தில் எழுதியிருந்தான். மழை பெய்தது, நன்றாக இருந்தது, அப்பம்மா காருக்குள் படுத்தார் என்பதே அதன் சாரம். அது வெளிவந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது அன்பர் ஒருவர் என் தோளில் தட்டி, "காசு குடுத்து மழையில நனையப் போனீங்களாம்?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதே கேள்வி எங்கள் வீட்டில் முன்னரே வேறு தொனியில் கேட்கப்பட்டிருந்தது. மகன் எழுதாமல் விட்டதை நான் எழுதலாம் என்று ஆசிரியர் குழுவினர் இடம் தந்தமைக்கு நன்றி.

பயணத்தைப் பற்றி முதலில் கதை எடுத்தவன் மகன்தான். அவனது பள்ளித் தோழர்கள் எல்லோரும் 'காம்பிங்' போகிறார்களாம், நாங்கள் மட்டும் ஒவ்வொரு விடுமுறைக்கும் ரொறன்ரோவிலோ பாரிசிலோ உள்ள உறவினர் வீட்டு வரவேற்பறையில் படுக்கிறோமாம். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தச் சொல்லின் முற்பாதி மட்டுமே கேட்டது. "காம்புக்கோ? ஆர் காம்புக்குப் போறது?" என்று கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எங்களுடைய ஊர்களில் அந்தச் சொல்லுக்கு இரண்டே கருத்துத்தான். ஒன்று ஆமிக் காம்ப். மற்றது அகதிக் காம்ப். இரண்டுக்கும் எவரும் விரும்பிப் போனதில்லை. முகாம் என்று நல்ல தமிழில் சொன்னாலும் நிலைமை மாறாது. விஷயத்தை விளக்கியபோது அம்மா நம்பவில்லை. நம்பிய பிறகு ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"அப்ப, காசு குடுத்து அகதியாகிறது எண்டு சொல்லு."

இந்த வசனத்தில் உள்ள நியாயம் என்ன? அதில் பிழை இருக்குமானால் அது எங்கே இருக்கிறது? பல வாரங்களாக ரயிலில் நோர்பரிக்கும் விக்ரோறியாவுக்கும் இடையில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் ஒரே தெருவில் நடந்தது. அந்தச் சனத்தில் நாங்களும் இருந்தோம். எனக்குப் பதினான்கு வயது. மழை. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடக்க ஒரு இரவும் அடுத்த நாளின் பெரும் பகுதியும் சென்றன. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். மிருசுவிலில் ஒரு தென்னங்காணிக்குள் பதினெட்டுக் குடும்பங்கள் தறப்பாள் கட்டி இருந்தோம். தறப்பாள் என்ற சொல்லைத் தெரியாத பிள்ளைகள் இன்று எங்கள் தமிழ்ப் பள்ளியில் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பாக்கியம். நீல நிறத் தறப்பாளின் கீழ் பகலில் முகமெல்லாம் நீலமாகத் தெரியும். மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அம்மம்மா அங்கேதான் கார்த்திகை மாதம் கடைசியில் காலமானார்.

அதே நீலத்தில் ஒரு கூடாரத்தை ஆவணி மாத விற்பனையில் நூற்றைம்பது பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கி, கார்த் தட்டில் ஏற்றுவதை அம்மா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை நிறத்திலும் இருந்தது. வாங்கும்போது எனக்கு அது தோன்றவில்லை.

இந்த நாட்டில் பொழுதுபோக்குக்காகக் கூடாரமடிக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் தோமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையற்காரர். 1901 இல் சைக்கிளில் சென்று கூடாரமடிப்போருக்கு ஒரு சங்கம் அமைத்தார், 1908 இல் அதற்கென ஒரு கைந்நூல் எழுதினார். இதில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. அவர் முதன்முதலில் கூடாரத்தில் படுத்தது விளையாட்டுக்காக அல்ல. 1853 இல் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, புதிய இடத்தில் வாழப் புறப்பட்ட பெற்றோருடன் வண்டித் தொடரில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஐந்து வாரம் முகாமிட்டிருந்தார்கள். வேறு வழியின்றிச் சிறு வயதில் படுத்த கூடாரத்தை வளர்ந்த பிறகு தானாக விரும்பித் தைத்தவர் அவர். மறக்க முடியாமல் தைத்தாரா, மறந்ததால் தைத்தாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தொழில் கணக்கு என்பதால் அதைத் தாண்டிப் போக மனம் வராது. கூடாரம் 165, நித்திரைப் பைகள் ஐந்து 110, காஸ் அடுப்பு 22, இரண்டு இரவுக்கு மைதானக் கட்டணம் 84, பெற்றோல் 48. மொத்தம் 429 பவுண், பாத் நுழைவுச்சீட்டு நீங்கலாக. ஊரில் ஒரு மாணவனுக்கு இந்தப் பணம் எவ்வளவு காலத்துக்கு உதவும் என்று இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் இந்நேரம் மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். பீற்றர் சிங்கர் என்ற தத்துவாசிரியர் 1972 இல் இந்த வாதத்தை முன்வைத்தார். கண்முன்னே குளத்தில் ஒரு பிள்ளை மூழ்கினால் உடுப்பு பழுதாகும் என்று பாராமல் இறங்கித் தூக்குவோம். அப்படியானால் தொலைவில் மடியும் பிள்ளைக்காக அந்த உடுப்பின் விலையைக் கொடுக்காதிருப்பது எப்படி நியாயமாகும்? இதற்கு முழுமையான மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி கூடாரத்துக்கு மட்டும் உரியதல்ல. மண்டபம் எடுத்து, பல்லக்கில் பிள்ளையைக் கொண்டுவந்து, நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சாமத்திய வீடு செய்தபோது என் தோளில் எவரும் தட்டிக் கேட்கவில்லையே. கூடாரத்தைப் பார்த்தவுடன் எங்களுக்கு உறுத்துவது செலவு அல்ல. வேறு ஏதோ.

நோர்பரியிலிருந்து நூற்றிருபது மைலளவு. மெண்டிப் குன்றுகளில் ஒரு விவசாயியின் புல்வெளி. நாங்கள் நால்வரும் முளை அடித்து, கயிறு கட்டி, மூன்று தடவை பிழையாக நிறுத்தி, நான்காம் தடவை கூடாரம் நின்றது. மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் புல்லில் இருந்து சாப்பிட்டோம். அடுத்த கூடாரத்து வெள்ளைக்காரர் முளையடிக்கும் சுத்தியலை இரவல் தந்து, ஒரு பிடி புளிச்சோறு வாங்கிச் சாப்பிட்டு, இரண்டாம் பிடியும் கேட்டார். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. முன் ஆசனத்தைச் சாய்த்துக் கம்பளியால் மூடிக்கொண்டு, கைப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அந்தப் பைக்குள் ஐந்து பேரின் கடவுச்சீட்டுகள், கொக்குவில் காணி உறுதி, அப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் யாவும் இருந்தன. இரண்டு நாள் பயணத்துக்கு எதற்கு என்று மகள் கேட்டாள். "இரண்டு நாளெண்டுதான் அப்பவும் வெளிக்கிட்டனாங்கள்" என்றார் அம்மா.

இரவு பதினொரு மணிக்கு மழை தொடங்கியது. கூடாரத் துணியில் மழை விழும் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். முப்பது வருடமாகக் கேட்காத சத்தம். வயிறு இறுகியது. மகனுக்கும் நித்திரை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து, "அப்பா, இப்ப எனக்கு விளங்குது, நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு" என்றான். நல்ல மனத்தோடு சொன்ன சொல். நான், "உனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பேசாமல் படு" என்று உரத்த குரலில் சொன்னேன். அடுத்த கூடாரத்துக்கும் கேட்டிருக்கும். மகள் எழும்பிவிட்டாள். மகன் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த இரவில் கோபத்தின் காரணத்தைத் தேடினேன். என் காற்சட்டைப் பைக்குள் கார்த் திறப்பு இருந்தது, அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மழை கூடினால் நாற்பது நிமிடத்தில் ஒரு விடுதியில் இருப்போம். திங்கட்கிழமை பின்னேரம் நோர்பரியில் இருப்போம். மிருசுவிலில் எங்களை வருத்தியது நனைந்த பாய் அல்ல, நுளம்பும் அல்ல, கிணற்றடி வரிசையும் அல்ல. எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டால் வளர்ந்தவர்கள் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான். 2009 இல் மனிக்பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கும் தலைக்கு மேலே கூடாரம் இருந்தது. படலைக்கு வெளியே போக அனுமதி இருக்கவில்லை. கூடாரத்தை அகதி வாழ்வின் அடையாளமாக எடுத்துக்கொண்டதில்தான் அம்மாவின் வசனம் தடம் மாறியது என்று எனக்குப் பட்டது.

சைவர்களாகிய எங்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. கந்தசஷ்டியில் ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக இருப்பவரை, பட்டினி கிடப்பவனைப் பரிகசிக்கிறார் என்று எவரும் சொல்வதில்லை. இருவர் வயிறும் ஒன்றுபோலத்தான் காய்கிறது. ஆனால் விரதம் இருப்பவருக்குப் பாரணை நாள் தெரியும். ஆறாம் நாள் முடிவில் அவர் எழுந்து, "இனி எனக்குப் பஞ்சத்தைப் பற்றித் தெரியும்" என்று சொன்னால் அங்கேதான் குற்றம் தொடங்குகிறது. வீடற்றோருக்கு நிதி சேர்ப்பதற்காக ஒரு இரவு தெருவில் படுக்கும் நல்ல மனிதர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சேரும் பணம் நல்ல பணம். ஆனால் மறுநாள் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை நான் கொஞ்சம் கவனித்துக் கேட்பதுண்டு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக உகந்தை வந்து, குமண, யால காடுகளுக்குள்ளால் நடந்து, மரத்தடியில் சமைத்து மரத்தடியில் படுக்கிறார்கள். இடம்பெயர்ந்த சனத்தைப்போலத்தான் பார்வைக்குத் தெரிவார்கள். பிறகு எதைக் கேட்டாலும் முருகனைப் பற்றித்தான் சொல்வார்கள், கஷ்டத்தைப் பற்றி அல்ல.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். விரதகாரர் வேறு, பட்டினி கிடந்தவர் வேறு. ஒருவரே இரண்டுமாக இருந்தால்? காட்டில் துன்பப்பட்ட ஒருவர் இன்பத்துக்காகத் திரும்பவும் காட்டுக்குப் போகலாமா? இதற்கு இராமாயணத்திலேயே ஒரு ஆள் இருக்கிறார். பதினான்கு வருட வனவாசத்தில் சீதை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அயோத்திக்குத் திரும்பி, கர்ப்பிணியாக இருக்கும்போது, என்ன விருப்பம் என்று இராமர் கேட்க, கங்கைக் கரையில் உள்ள முனிவர்களின் தவச்சாலைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் உத்தரகாண்டத்தில் அவர் கேட்கிறார். அரண்மனையில் இருப்பவர் காட்டைக் கேட்கிறார். காடு தன்னைத் துன்புறுத்தவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விருப்பத்தையே சாட்டாக வைத்து அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதும் அதே காண்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே அம்மாவின் பயத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விரும்பிப் போன காடு எந்த நேரத்தில் விரும்பாத காடாக மாறும் என்று யாருக்குத் தெரியும்? கைப்பைக்குள் உறுதி வைத்திருப்பவருக்குத் தெரியும்.

காலையில் மழை விட்டிருந்தது. செடார் பள்ளத்தாக்கில் 274 படிகள் ஏறினோம். அந்தப் பள்ளத்தாக்கின் குகையொன்றில் 1903 இல் எடுத்த ஏறத்தாழ பத்தாயிரம் வருடப் பழைய எலும்புக்கூட்டை ஆராய்ந்தவர்கள், அம்மனிதன் கருமையான தோல் உடையவனாக இருந்திருக்கலாம் என்று 2018 இல் அறிவித்தார்கள். மகளுக்கு இதில் பெரும் திருப்தி. மகன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினான்.

பின்னேரம் பாத் நகரத்துக்குப் போனோம். அம்மா பயணத்துக்கு உடன்பட்டதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெந்நீரூற்று இருக்கிறது என்று மருமகள் சொன்னதற்குப் பிறகுதான் அவர் வருகிறேன் என்றாராம்.

அம்மா திருகோணமலையில் பிறந்தவர். பட்டினத்திலிருந்து ஐந்து மைலளவில், அநுராதபுரம் போகும் வீதிக்கு அருகே கன்னியா இருக்கிறது. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். மூன்று நான்கு அடி ஆழம். ஒன்றைவிட மற்றதன் சூடு சற்று வேறுபடும். இராவணன் தாயார் இறந்த செய்தி கேட்டு அவருக்குக் கருமம் செய்ய இந்த இடத்துக்கு வந்தான் என்றும், அதற்காகவே இவ்வூற்றுகள் தோன்றின என்றும் கதை. அதனால் அந்தப் பகுதியில் பெற்றோருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அங்கேதான் நடக்கும். அதே கன்னியாவுக்குத்தான் பள்ளிச் சுற்றுலாவும் போகும். சனிக்கிழமைகளில் கட்டுச்சோற்றோடு மாட்டுவண்டியில் போய், பிள்ளைகள் ஒரு கிணற்றிலிருந்து மற்றதற்கு வாளியோடு ஓடி ஓடி, எது சுடுகிறது என்று கத்திக்கொண்டு குளிப்பார்களாம். ஒரு கரையில் ஐயர் பிண்டம் வைப்பிப்பார், மறு கரையில் பிள்ளைகள் தண்ணீரடித்து விளையாடுவார்கள். ஒருவரும் மற்றவரைப் பார்த்து முகம் சுளித்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. 1995 மார்கழியில் அம்மம்மாவின் அந்தியேட்டியை மிருசுவில் காணிக் கிணற்றடியில் செய்தோம். கன்னியாவுக்கு மட்டுமா, கீரிமலைக்குக்கூடப் போக முடியாத காலம் அது. காணிக்காரர் குளிக்க வந்தவர்களை விலத்தி அரை மணி நேரம் கிணற்றை எங்களுக்குத் தந்தார். (டாட்மோர் வெளியில் கூடாரமடிக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டா என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 2025 மே மாதம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. பத்திரிகையில் அதை வாசித்தபோது அந்தத் தென்னங்காணிக்காரரைத்தான் நினைத்தேன். பதினெட்டுக் குடும்பத்தில் ஒருவரிடமும் அவர் உரிமை கேட்கவில்லை.)

பாத் ஊற்றில் நாளொன்றுக்குப் பதினொரு இலட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர் ஏறத்தாழ 46 பாகை சூட்டில் வருகிறது. மெண்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் பெய்த மழை நிலத்துக்குள் மிக ஆழமாக இறங்கிச் சூடேறி இங்கே மேலே வருகிறது என்பது புவியியலாளரின் விளக்கம். முதல் நாள் எங்களை நனைத்ததும் அதே குன்றின் மழைதான். இங்கே சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தை வழிபட்டார்கள். உரோமர் வந்து அவளைத் தங்கள் மினேர்வாவோடு சேர்த்து ஒரே பெயராக்கிக் கோவில் கட்டினார்கள். ஈயத் தகட்டில் முறைப்பாடு எழுதி ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். நூற்று முப்பதளவு தகடுகள் கிடைத்துள்ளன. கையுறை களவு கொடுத்த ஒருவர் கள்ளனுக்குப் புத்தியும் கண்ணும் போகவேண்டும் என்று வேண்டியிருக்கிறார். அம்மாவுக்கு இதை வாசித்து மொழிபெயர்த்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் கோவில் வாசலில் தேங்காய் உடைத்து முறையிடுவதை அவர் தொலைக்காட்சியில் பார்க்கிறவர். "கையுறைக்கே இவ்வளவு எண்டால்" என்று மட்டும் சொன்னார்.

பெரிய தடாகத்தின் நீரைத் தொடக்கூடாது என்று அறிவித்தல் இருக்கிறது. 1978 இல் ஒரு சிறுமி அந்நீரால் நோயுற்று இறந்த பின்னர் குளிப்பு நின்றது. 2006 இல் வேறு கட்டடத்தில் சுத்திகரித்த நீரில் குளிக்க வசதி செய்தார்கள், ஆனால் அதற்கு வேறு கட்டணம், நீச்சலுடுப்பு, முன்பதிவு எல்லாம் வேண்டும். அம்மா தடாகத்தின் கரையில் நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியாவிலும் இப்போது பல கெடுபிடிகள் உண்டு. அங்கிருந்த பழைய பிள்ளையார் கோவில் நிலத்தில் விகாரை கட்டும் முயற்சிக்கு எதிராக 2019 யூலையில் மக்கள் திரண்டதும், திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் வாசகர்கள் அறிந்ததே. ஊற்றுக்கு யார் சொந்தக்காரர் என்று ஊற்றைத் தவிர எல்லோரும் வாதாடுகிறார்கள்.

வெளியே வரும் வழியில் பார்வையாளர் சுவைத்துப் பார்ப்பதற்கென ஒரு குழாய் இருக்கிறது. சிறிய கடதாசிக் கோப்பையில் இளஞ்சூடான தண்ணீர். பிள்ளைகள் ஒரு மிடறு குடித்து முகத்தைக் கோணினார்கள். அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலது கையில் ஊற்றித் தலையில் தெளித்தார். மூன்று தரம். மிகுதியைக் குடித்தார். பின்னால் வரிசையில் நின்ற ஜப்பானியக் குடும்பம் பொறுமையாகக் காத்திருந்தது. காவலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "முப்பது வருஷம் பிந்தின கருமம்" என்று அம்மா எனக்குச் சொன்னார். முறையான கருமமா என்று ஐயர் அவர்களிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பதா என்றும் முடிவு செய்யவில்லை.

அன்றிரவு அம்மா காரில் படுக்கவில்லை. கைப்பையோடு கூடாரத்துக்குள் வந்து பேரன் பக்கத்தில் நித்திரைப் பையை விரித்தார். முதல் நாள் நான் ஏசியதைக் காருக்குள் இருந்தே கேட்டிருக்கிறார். அவனிடம் மிருசுவிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வரிசையைப் பற்றியோ நுளம்பைப் பற்றியோ அல்ல. அம்மம்மா சாகிற கிழமையில்கூடத் தறப்பாளுக்குள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து, கன்னியாவில் எந்தக் கிணறு கூடச் சுடும் என்று பந்தயம் கட்டிய கதை. அந்தக் கதையை நான் அதுவரை கேட்டதில்லை. நானும் அந்தத் தறப்பாளுக்குள்தான் இருந்தேன். விறகுக்குப் போயிருந்திருப்பேன் போலும்.

"எது அப்பம்மா கூடச் சுடும்?" என்று மகன் கேட்டான். அம்மா யோசித்துப் பார்த்து, அது தனக்கு மறந்துபோயிற்று என்றார். மார்கழியில் ஊருக்குப் போகும்போது பார்த்துச் சொல்கிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூறல் தொடங்கியது. நான் எழுந்து முளைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா கைப்பையைத் தலைமாட்டிலிருந்து எடுத்துக் கால்மாட்டில், நனையாத பக்கமாக வைத்திருந்தார்.